இலேசான ரைஃபிள் ஒன்று வாங்கலாமா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் பிள்ளைகளுக்கு ஏர் ரைஃபிள் பழக்கும் கூடம் ஒன்றில் மாலை நேரங்களில் உதவிக்கு நிற்கிறேன். சுடக் கற்றுக்கொள்ள வருகிறவர்களைவிட "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்" என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். பாதிப் பேர் யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் சுடுவதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மீதிப் பேருக்கு பாரீஸிலோ டெக்சாஸிலோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஒரே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

செமி-ஆட்டோமேட்டிக்னா என்னண்ணே? படபடன்னு சுட்டுத் தள்ளுமே, அதுவா?

அது இல்லை. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருப்பது முழு ஆட்டோமேட்டிக். அது ராணுவத்துக்கும் போலீசுக்கும் உரியது. செமி-ஆட்டோமேட்டிக்கில் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் போகும். ஆனால் காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றி வைக்கும் வேலையைத் துப்பாக்கி தானே செய்துகொள்ளும். சிறிய .22 ரகங்களில் (துளை 0.22 அங்குலம்) வெடிப்பின் அழுத்தமே போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடும் இரும்புத் தண்டை, பின்னால் தள்ளிவிடும். பெரிய தோட்டா போடும் ரகங்களில் பேரலில் உள்ள ஒரு துளை வழியாகக் கொஞ்சம் வாயுவை எடுத்து, அதை வைத்து ஒரு பிஸ்டனைத் தள்ளுவார்கள். போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளில் இந்த வேலை முழுவதையும் கையால் செய்ய வேண்டும்.

கலெக்டர் ஆபீஸ்ல லைசென்ஸ் எடுத்தா அதுல ஒண்ணு வாங்கிடலாம்ல சார்?

முடியாது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வருகின்றன. மாவட்ட அளவில் கிடைக்கும் சாதாரண லைசென்ஸ் அதற்குச் செல்லாது. அது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிற விஷயம். கடலூரில் கேட்டாலும் புதுச்சேரியில் கேட்டாலும் பதில் ஒன்றுதான், ஆயுதச் சட்டம் மத்தியச் சட்டம்.

சாதாரண லைசென்ஸில் ரைஃபிள் என்றால் பெரும்பாலும் போல்ட்-ஆக்‌ஷன் .22, அல்லது .315. இரண்டும் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை பல காலமாகச் செய்து வருகிறவை. லைசென்ஸுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, எதற்காக வேண்டும் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு அது மூன்று. தேர்தல் தேதி அறிவித்ததும் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். "சும்மா வீட்ல இருக்கட்டும்" என்று நினைக்கிறவர்களுக்கு இது ஒத்துவராத சமாச்சாரம்.

சரி, லைசென்ஸ் இருக்கு. வேட்டைக்குப் போகலாம்ல?

போகக்கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் என்பது துப்பாக்கியை வைத்திருக்க மட்டும்தான். வேட்டையைப் பற்றிப் பேசுவது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம். அந்தக் காலத்தில் ஜமீன்தார்களும் வெள்ளைக்காரர்களும் அனுமதி வாங்கி ஆடிய வேட்டைக்கு மிச்சமிருந்த இடத்தையும் 1991 திருத்தம் அடைத்துவிட்டது. இன்று இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்று சட்டப்படி ஒன்று கிடையாது.

கொன்றால்தான் வேட்டை என்றும் நினைக்க வேண்டாம். பிடிப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது, பறவைக் கூட்டைக் கலைப்பது, முட்டை எடுப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். 2022 திருத்தத்தில் அபராத உச்சவரம்பை 25 ஆயிரத்திலிருந்து 1 லட்சமாக்கினார்கள். முதல் அட்டவணையில் (அதிகப் பாதுகாப்பு உள்ள உயிர்களின் பட்டியல்) இருக்கும் உயிர் என்றால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. துப்பாக்கியும் போகும், வண்டியும் போகும்.

காட்டுப்பன்னி மக்காச்சோளத்தையே அழிச்சுடுது. அதையாவது சுடலாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சாமே?

வேப்பூர், விருத்தாசலம் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் பாதிச் செய்தியைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணையில் மூன்று எல்லைகள் இருக்கின்றன. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுகிறவர் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர். நிலத்துக்காரர் இல்லை, அவருடைய மச்சானும் இல்லை. விவசாயி செய்ய வேண்டியது புகார் கொடுப்பதும் இழப்பீட்டுக்கு மனு போடுவதும்தான்.

மயிலையும் கேட்பார்கள். அது முதல் அட்டவணைப் பறவை. முந்தைய பதிலின் கடைசி வரிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் கன்னுக்குத்தான் லைசென்ஸே வேணாமே. கொக்கு, மடையான், புறா சுட்டா யாரு கேக்கப் போறா?

கேட்பார்கள். எந்தக் கருவியால் சுட்டீர்கள் என்பது வனவுயிர்ச் சட்டத்துக்கு முக்கியமில்லை, கவண்கல்லானாலும் வேட்டைதான். நம் பக்கத்தில் ஊசுட்டேரி, பெருமாள் ஏரி, பிச்சாவரம், கழுவெளி என்று தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் பறவை வரும். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-லிருந்தே பறவைகள் சரணாலயம். மார்கழி, தையில் அங்கே வருகிற வாத்துகள் வெகுதூரம் பறந்து வந்தவை.

தெரு நாயை விரட்டத்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் 5 வருடம் வரை சிறைக்குரிய குற்றம். இந்த மாதிரிக் காரணத்தோடு வருகிறவர்களை நான் கூடத்துக்குள்ளேயே விடுவதில்லை.

அப்போ எதுக்குத்தான்ணே துப்பாக்கி? சுடறதே வேணாம்கிறீங்களா?

குறி பார்த்துச் சுடுவதற்கு! சில்வர் பீச்சில் பலூன் சுடுகிற கடையில் நின்று ஐந்துக்கு நான்கு உடைத்த சந்தோஷம்தான் பலரை இங்கே கொண்டுவருகிறது. அதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்தால் அது ஒலிம்பிக் விளையாட்டு. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012-ல் லண்டனில் ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அதே போட்டியில் 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது இதே கடலூரில். வளர்ந்ததும் பழகியதும் குஜராத்தில் என்பது வேறு விஷயம். ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

எந்த ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணாம்? கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு, நெட்ல ஒண்ணு போட்டிருக்கு.

இரண்டு அளவுகளைப் பாருங்கள். துளை 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது .177-க்கு மேல் போகக்கூடாது. வெளிவரும் பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு) ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகக்கூடாது. இரண்டும் அடங்கினால் லைசென்ஸ் தேவையில்லை. ஒன்று மீறினாலும் தேவை. 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளை ".22 தான், சின்னதுதான்" என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள்.

அடையாளச் சான்று, முகவரிச் சான்று கேட்டு வாங்கிக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்கள். பில்லில் துளை அளவும் வரிசை எண்ணும் இருக்கட்டும். அந்தப் பில்லின் ஒரு நகல் துப்பாக்கிப் பையிலேயே கிடக்க வேண்டும். புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை செக்போஸ்டில் போலீசார் தேடுவது மது பாட்டிலைத்தான். ஆனால் நீளப் பையைப் பார்த்தால் திறக்கச் சொல்லாமல் விட மாட்டார்கள்.

20 ஜூல்னா ரொம்பக் கம்மியா இருக்கே. பவர் ஜாஸ்தி இருந்தாத்தானே குறி நல்லா இருக்கும்?

ஒலிம்பிக்கில் சுடுகிற ரைஃபிளின் கணக்கைப் பார்ப்போம். அரை கிராம் சொச்சம் எடையுள்ள பெல்லட், நொடிக்கு சுமார் 170 மீட்டர் வேகம். ஆற்றல் 8 ஜூல் கூட வராது. அதை வைத்துக்கொண்டு 10 மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள, பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியை அடிக்கிறார்கள். நோட்டில் பேனாவால் வைக்கிற முற்றுப்புள்ளி அளவு.

பவர் கூடினால் ஸ்பிரிங் விறைப்பாகும், உதறல் கூடும், பேரலை மடக்க இரண்டு கை வேண்டும், பத்து சுட்டதும் தோள் சோர்ந்துவிடும். இலக்கு அட்டையில் பார்த்தால் குறி சிதறியிருக்கும். விளம்பரத்தில் வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுவது விற்பதற்காக.

இலேசா இருந்தா நல்லதுதானே? அதனாலதான் லைட் வெயிட் கேக்கறேன்.

தூக்கி நடப்பதற்கு இலேசு நல்லது. சுடுவதற்கு எடைதான் நல்லது. காட்டில் நாள் முழுக்கத் தோளில் மாட்டி நடக்கிற வேட்டைக்காரனுக்கு 2 கிலோ ரைஃபிள் வரம். கூடத்தில் நீங்கள் நடக்கப்போவது காரிலிருந்து மேசை வரைக்கும். 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு உலகப் போட்டி விதியில் 5.5 கிலோ வரை அனுமதி, நல்ல வீரர்களின் ரைஃபிள்கள் நாலரை, ஐந்து கிலோவுக்கு இருக்கும். இலேசானது கிடைக்காமல் அப்படி வைத்திருக்கவில்லை. கனமானது கைத்துடிப்புக்கும் மூச்சுக்கும் சட்டென்று ஆடாது. எடைக்கட்டி வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள்கூட உண்டு.

எடையைவிட உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது முக்கியம். கட்டையின் (தோளில் அணைத்து வைக்கும் பகுதி) பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்து, முன்கையைக் கட்டையோடு சேர்த்து நீட்டுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் இயல்பாக உட்கார்ந்தால் நீளம் சரி. எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கட்டை நீளம், விரல் மடங்கி வளைந்தால் குட்டை. அப்புறம் கன்னத்தை வைத்ததும் கண் தானாகவே குறிக்கு நேராக வர வேண்டும், கழுத்தை நீட்டித் தேடக்கூடாது. இதைப் படத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, கையில் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆன்லைனில் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

பத்து, பதினோரு வயசுப் பிள்ளைக்கு மட்டும் கதை வேறு. கனமான ரைஃபிளைக் கொடுத்தால் இடுப்பைப் பின்னால் வளைத்துத் தாங்கும். பழகும் வயதில் முதுகெலும்புக்கு அது ஆகாது. ஸ்டாண்டில் தாங்கிச் சுடட்டும், அல்லது கட்டை சிறிதாகச் செய்த ஜூனியர் ரகம் வாங்குங்கள். இந்த ஒரு இடத்தில் நீங்கள் கேட்கும் லைட் வெயிட் சரி.

பிரேக் பேரலா, பிசிபியா? பட்ஜெட்டுக்கு எது?

பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து வைக்கிற பிரேக் பேரல் சில ஆயிரங்களிலேயே கிடைக்கும், வேறு எந்தச் சாமானும் வேண்டாம். ஆனால் விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் ஓடுவதால் துப்பாக்கி முன்னும் பின்னும் குலுங்கும். இறுக்கிப் பிடித்தால் குண்டு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். திறந்த உள்ளங்கையில் சும்மா கிடத்தி, அது குலுங்குகிறபடி குலுங்கவிட்டுச் சுட வேண்டும். இந்த ரகத்தில் நன்றாகச் சுடப் பழகியவர் வேறு எதிலும் சுடுவார்.

பிசிபி என்பது சிலிண்டரில் அடைத்த காற்றில் சுடுவது. குலுக்கல் இல்லை, போட்டிக்கு அதுதான். ப்ரிசிஹோல் மாதிரி இந்தியத் தயாரிப்புகள் வந்த பிறகு ஆரம்ப விலை இறங்கியிருக்கிறது. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் என்று போனால் இரண்டு லட்சத்துக்கு மேலே. கூடவே காற்று நிரப்ப பம்ப்போ டேங்கோ வேண்டும், அந்தச் செலவைக் கடையில் கடைசியில்தான் சொல்வார்கள். என் யோசனை: முதல் ஆறு மாதம் கூடத்துத் துப்பாக்கியிலேயே சுடுங்கள். பிள்ளைக்கு ஆர்வம் நிற்கிறதா என்று தெரிந்த பிறகு நேராகப் பிசிபி வாங்குங்கள். நடுவில் ஒரு பிரேக் பேரல் வாங்கிப் பரணில் போட வேண்டாம்.

என் தம்பி அமெரிக்காவுல இருக்கான். முயல் வேட்டைக்கும் சும்மா சுடவும் இலேசா ஒரு செமி-ஆட்டோமேட்டிக் பாக்கறான். எது நல்லது?

அவர் ஊர்ச் சட்டம் அனுமதித்தால், முயல், அணில் அளவு வேட்டைக்கும் தகர டப்பா சுடுவதற்கும் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டா போதும். 1964-லிருந்து வருகிற ரூகர் 10/22 தான் அங்கே பெரும்பாலோர் கைக்குப் போகிறது. சுமார் 2.3 கிலோ, உருளை வடிவத்தில் 10 தோட்டா பிடிக்கும் மேகசின் (தோட்டாப் பெட்டி), உதிரி எங்கும் கிடைக்கும். இரண்டாகக் கழற்றிப் பையில் போடும் ரகமும் உண்டு. மார்லின் 60 பேரலுக்குக் கீழே குழாயில் தோட்டா நிரப்புவது. குழாய் காலியா என்று கண்ணால் பார்ப்பது கஷ்டம் என்பதால் புதியவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஹென்றி ஏஆர்-7 வெறும் 1.6 கிலோ, மொத்தத் துப்பாக்கியும் அதன் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். படகிலும் கூடாரத்திலும் வைத்துக்கொள்ள அருமை. ஆனால் அவ்வளவு இலேசில் நின்றுகொண்டு குறி பிடிப்பது சிரமம், எடை பற்றி மேலே சொன்னதுதான்.

தம்பி இடக்கையரா என்று கேளுங்கள். செமி-ஆட்டோமேட்டிக்குகள் பெரும்பாலும் காலிக் கூட்டை வலப்பக்கம் எறியும், இடத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு அது முகத்துக்குக் குறுக்கே பறக்கும். அப்புறம் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பென்சில்வேனியாவில் 2017 வரை எந்த வேட்டைக்கும் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கூடாது என்றே இருந்தது. .22 சின்னதுதானே என்று அலட்சியமாகவும் இருக்கக்கூடாது, அந்தக் குண்டு 2 கிலோமீட்டர் வரை போகும். பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சுட வேண்டும்.

மாமா பிரான்ஸ்ல ரிட்டையர் ஆகிட்டாரு, காட்டுப்பன்னி வேட்டைக்குப் போறாரு. அவருக்கும் அதே .22 தானா?

புதுச்சேரிக்கே உரிய கேள்வி! மாமாவுக்கு .22 ஆகாது. பிரான்சில் பெரிய விலங்கு வேட்டைக்கு 100 மீட்டர் தூரத்தில் குண்டுக்கு 1,000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும் என்பது விதி. .22 எல்ஆர் பேரலை விட்டு வெளியே வரும்போதே சுமார் 150 ஜூல்தான். பன்றிக்கு .308, .30-06 மாதிரித் தோட்டாக்கள் வேண்டும். அந்த வகையில் 1967-லிருந்து வரும் பிரௌனிங் பார் (BAR) என்ற ரைஃபிள் பெயர் பெற்றது, பெனெல்லியும் உண்டு. இரண்டுமே 3 கிலோவுக்கு மேலேதான். இந்தத் தோட்டாவில் அதற்குக் கீழே இறங்க ஆசைப்பட வேண்டாம். துப்பாக்கி இலேசாக ஆக உதை கூடும், வயதான தோள் தாங்காது. வாயுவில் இயங்கும் ரகம் அந்த உதையைக் கொஞ்சம் மெத்தென்று ஆக்கிவிடும் என்பது ஒரு ஆறுதல்.

அங்கே வேட்டைப் பரீட்சை எழுதித் தேறியவருக்குத்தான் அனுமதி. செமி-ஆட்டோமேட்டிக்கில் மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் கூடாது, மேகசினைக் கழற்றி மாட்டும் ரகம் கடுமையான வேறு வகைக்குப் போய்விடும். லண்டன் சித்தப்பாவுக்கு இன்னும் கடினம். 1988 சட்டத்துக்குப் பிறகு பிரிட்டனில் .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடிவிளிம்பில் தட்டி வெடிக்க வைப்பது) தவிர மற்ற செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள் தடை.

மாமா ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து நமக்குக் கொடுத்துட்டுப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். இரண்டாவது கேள்வியின் பதில் விமானத்தில் வந்தாலும் மாறாது. சென்னையில் சுங்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும், மாமாவும் கூடவே நிற்பார். சாக்லேட் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மொட்டை மாடியில 10 மீட்டர் இருக்கு. வீட்லயே பழகலாமா?

மாடியில் வேண்டாம். கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அடுத்த வீட்டுத் துணிக்கொடி. நீளமான ஹாலோ, யாரும் குறுக்கே வர முடியாத கூடமோ இருந்தால் பழகலாம். அட்டைக்குப் பின்னால் பெல்லட் பிடிக்கும் பெட்டி கட்டாயம், வெறும் சுவரில் பட்டால் தெறித்துத் திரும்பும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். ஈயப் பெல்லட் என்பதால் சுட்ட கையோடு எதையும் வாயில் போடாமல் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காகித அட்டைக்குத் தட்டைத்தலைப் பெல்லட் வாங்குங்கள், வட்டமாக ஓட்டை விழும், எண்ண எளிது.

வாங்கி ஒரு வருஷம்தான் ஆச்சு, பேரல்ல துரு பிடிச்சுடுச்சு. தேங்கா எண்ணெய் போடலாமா?

உப்புக்காற்று ஊர், துரு பிடிக்கத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், போடாதீர்கள். துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு, ஒவ்வொரு தடவை தொட்ட பிறகும் வெளிப்புற இரும்பைத் துடையுங்கள். வியர்வைக் கைரேகை பட்ட இடத்தில்தான் முதலில் துரு வரும். நுரை வைத்த பையில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், நுரை ஈரத்தை இழுக்கும். பீரோவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, பூட்டி வையுங்கள்.

பிரேக் பேரல்காரர்களுக்கு ஒன்று: காற்று அழுத்தும் அறைக்குள் எண்ணெய் விட்டுவிடாதீர்கள். அழுத்தத்தின் சூட்டில் அந்த எண்ணெய் டீசல் இன்ஜினில் போல வெடிக்கும். சத்தம் கூடி, புகை வந்து, "ஆஹா, பவர் ஏறிடுச்சு" என்று தோன்றும். நாலு நாளில் சீல் போய்விடும்.